புது ப்ராசஸர் போட்ட பிறகும் விஆரில் விமானம் திணறியது: என் அனுபவம்

ரைசன் 5 3600 ப்ராசஸரைக் கழற்றிவிட்டு ரைசன் 7 5800எக்ஸ்3டி போட்டேன். 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால், ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு வைத்திருப்பவர்கள் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு இது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் இன்ஸ்ப்ரூக்கில் இறங்கும்போது தலையைத் திருப்பினால் மலைவிளிம்பு இரட்டையாகத் தெரிகிறது, புரொப்பெல்லரைச் சுற்றிக் காட்சி நெளிகிறது. 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 ஃப்ரேம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அதைத் தாண்டினால் ரீப்ரொஜெக்‌ஷன் என்ற விஆர் மென்பொருள் வசதி, ஃப்ரேம் எண்ணிக்கையை நொடிக்கு 45-க்கு இறக்கி, நடுவில் தானே ஒரு ஃப்ரேமை இட்டு நிரப்பும், நெளிவு வருவது அதனால்தான்.

கிராஃபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. சரி, அப்படியென்றால் சிக்கல் கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால், 3600 வேகத்தில் ஓட வேண்டிய ராம் 2133 என்று காட்டுகிறது! புது சிப்புக்காக பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தபோது, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்துவிட்டது, கூடவே கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பாரும். இரண்டையும் திரும்ப ஆன் செய்து, சிப்செட் டிரைவரையும் புதிதாகப் போட்டதும் திணறல் நின்றது.

இப்போது 72 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, ரீப்ரொஜெக்‌ஷனே எனக்குத் தேவைப்படவில்லை.