மஞ்சள் பொடி மயக்கம்: பல்லின வளையச் சேர்மங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு காப்பியின் காஃபீனிலும், அதே தோட்டத்து மிளகின் பைப்பரினிலும் நைட்ரஜன் கொண்ட வளையம் உண்டு. கார்பனோடு இப்படி வேறு தனிமமும் சேர்ந்ததுதான் பல்லின வளையம். சேலத்தில் முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு வளையம் தேடுவோர் பெரும்பாலும் போய் நிற்பது ரோடானினில்தான் (கந்தகமும் நைட்ரஜனும் உள்ள ஐந்தணு வளையம்). எடைப் பிழை, டி.எல்.சி. (மென்படலக் குரோமட்டோகிராபி) பார்க்காதது போன்றவற்றைக் கைடே திருத்திவிடுவார். அவை இங்கே வேண்டாம்.

நைட்ரஜன் எல்லாம் ஒன்றல்ல

பிரிடினின் இணை அமிலத்துக்கு பி.கே.ஏ. (இது கூடினால் நைட்ரஜனின் காரத்தன்மையும் கூடுதல்) 5.2, இமிடசோலுக்கு சுமார் 7. பைரோலின் தனி இணை வளையத்துக்குள்ளேயே போய்விடுவதால் அதற்குக் காரத்தன்மை கிடையாது. டாக்கிங்குக்கு (சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) முன் புரோட்டான் எங்கே என்று பாருங்கள். 2-ஹைட்ராக்சிபிரிடின் என்று வரைவது தண்ணீரில் பெரும்பாலும் பிரிடோனாகத்தான் (புரோட்டான் ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்கு மாறிய வடிவம்) இருக்கும்.

ரோடானின்

செய்வது சுலபம், வம்பே அங்கேதான். 1.33 கிராம் ரோடானின், 1.06 கிராம் பென்சால்டிஹைடு (இரண்டும் 10 மில்லிமோல்), நீரற்ற சோடியம் அசிட்டேட், கிளேசியல் அசிட்டிக் அமிலம். ரிஃப்ளக்ஸ் செய்து குளிர்நீரில் ஊற்றினால் மஞ்சளாகப் படியும். ஆல்டிஹைடை மாற்றி மாற்றி இருபது சேர்மம் சேர்த்து, நொதியைத் தடுக்கிறது என்று தீசிஸும் எழுதியாகிவிடும்.

தடுத்தது மருந்துக் குணம்தானா? ரோடானினும் ஆல்டிஹைடும் சேருமிடத்தில் உருவாகும் இரட்டைப் பிணைப்பு, நொதியிலுள்ள சிஸ்டீனின் தயோலோடு (கந்தகம்–ஹைட்ரஜன் தொகுதி) வினைபுரியக்கூடியது. மைக்ரோமோலார் செறிவில் சேர்மம் கூழ்மத் திரளாகி நொதியை ஒட்டிக்கொள்ளலாம். நிறமும் ஏமாற்றும்: 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் தடுப்பு குறைவாகத் தெரியும், ஃப்ளோரசன்ஸ் முறையிலோ ஒளியை விழுங்கிவிட்டு இல்லாத தடுப்பைக் காட்டும். 2010-இல் பேல், ஹாலோவே இருவரும் வெளியிட்ட 'பெய்ன்ஸ்' (பல சோதனைகளில் பொய்யாக வேலை செய்வதாகக் காட்டும் சேர்மங்கள்) எச்சரிக்கைப் பட்டியலில் ரோடானினும் இருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதே பொடி வருவதுதான் எரிச்சல்.

இருபது செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் சோதியுங்கள். 0.01 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 (ஒரு டிடர்ஜென்ட்) சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அது திரள். 1 மில்லிமோலார் டி.டி.டி. (தயோல் கொண்ட டைதயோதிரைட்டால்) சேர்த்ததும் மறைந்தால் தயோல் வினையைச் சந்தேகியுங்கள். நொதி இல்லாத பிளாங்க் ஒன்று கட்டாயம்.

'ரோடானின் வளையமுள்ள எபால்ரெஸ்டாட் மருந்தாயிற்றே' என்பார்கள். ஆயிற்று, அது விதிவிலக்கு. ரோடானினின் உறவான தையசோலிடின்டையோன் வளையம் கொண்ட பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்தைப் பாருங்கள்: வழக்கமான தயாரிப்பில் இடையில் வரும் அதே மாதிரி இரட்டைப் பிணைப்பு, பிறகு ஹைட்ரஜனேற்றத்தில் போய்விடுகிறது.

கறுத்த டைஅமின்

பென்சிமிடசோல் என்ற இன்னொரு வளையம் செய்ய எடுக்கும் ஆர்த்தோ-ஃபீனிலின்டைஅமின் கறுத்திருந்தால் அப்படியே போடாதீர்கள். கொஞ்சம் சோடியம் டைதயோனைட், கரித்தூள் சேர்த்து வெந்நீரில் மறுபடிகமாக்குங்கள். விளையும் பென்சிமிடசோலின் உருகுநிலை 170–172 டிகிரிக்குள் வர வேண்டும்.

மலைமேல் வாட்டர் பாத்

ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100 வேண்டுமென்றால் ஆயில் பாத்.