திருச்சியில் மடிக்கணினிக்கு ஓர் இடம்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் லால்குடி வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிவதில்லை. திருச்சிக்குக் கிளம்பிவிடுகிறேன். எந்தப் பகுதிகளில் மின்தடை என்ற அறிவிப்பு நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் தில்லைநகரா, கண்டோன்மென்டா என்று முடிவு செய்கிறேன்.

காபிக் கடையில் உட்காருமுன் பதிவேற்ற வேகத்தை அளந்துவிட வேண்டும். பலரும் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். வீடியோ அழைப்பில் நம் முகம் உறைந்து நிற்பதற்கு அதுவல்ல காரணம். பதிவேற்றம் வினாடிக்கு 4 மெகாபிட் (Mbps) இருந்தால் தாராளம். ஜெனரேட்டர் உண்டா என்றும் கேட்டுவிடுவேன்.

அழைப்புகள் அதிகமுள்ள நாளில் நாள் வாடகைக்குப் பகிர்வு அலுவலகம். எழுத்து வேலைக்கு நூலகத்தை விஞ்ச எதுவுமில்லை. அந்த அமைதி எனக்கு வரம். மதியக் கூட்டத்தில் உணவக மேசையைப் பிடித்து வைத்திருப்பது மட்டும் நியாயமல்ல, எழுந்துவிடுங்கள்.