ஓங்கிலின் இரையையும் இணையையும் முடிச்சுப் போடும் முன்

கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்துக்கு வெளியே சாளைமீன் கூட்டத்தைத் துரத்தி ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளினால், படகில் யாராவது ஒருவர் “ஜோடி சேருது” என்று சொல்லிவிடுவார். ஓங்கிலின் தீனியையும் இணைசேர்தலையும் தொடர்புபடுத்துவோர் செய்யும் முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. அது இரை விரட்டலாகவோ வெறும் விளையாட்டாகவோ இருக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்தாலும் அதை இனப்பெருக்க வெற்றி என்று குறித்துவிடக் கூடாது. ஆண்கள் தங்களுக்குள்ளேயே அப்படிச் செய்வதுண்டு. எந்தக் குட்டிக்கு யார் தகப்பன் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும்.

அடுத்தது, நன்றாக வேட்டையாடுகிற ஆணுக்குத்தான் துணை கிடைக்கும் என்று அடித்துச் சொல்வது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் சில ஓங்கில்கள் கடல்தரையிலிருந்து கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் மாட்டிக்கொள்கின்றன. கரடுமுரடான தரையைக் கிளறும்போது மூக்கு கிழியாது. மணலில் பதுங்கும் சில மீன்களுக்குக் காற்றுப்பை கிடையாது. ஓங்கில் ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் இரை தேடும்; காற்றுப்பை இல்லாத மீன் அதற்கு எளிதில் அகப்படுவதில்லை. கிளறிவிட்டால் வெளியே வந்துதானே ஆக வேண்டும்! வித்தையைத் தாயிடம் கற்கிறார்கள், பெரும்பாலும் மகள்கள்தான். தனியாக நெடுநேரம் முங்கி உழைத்தாலும், இந்தத் தாய்மார்கள் குட்டி ஈனுவதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

ஆண்களுக்குக் கணக்கே வேறு. அங்கே இரண்டு மூன்று ஆண்கள் கூட்டுச் சேர்ந்துதான் ஒரு பெண்ணைச் சூழ்ந்து வைத்திருப்பார்கள். கடற்பஞ்சோடு இரை தேடுவதிலேயே பொழுதைக் கழித்தால் கூட்டாளி எங்கே கிடைப்பான் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருந்தது. 2019இல் வெளியான ஆய்வில், கடற்பஞ்சு ஆண்கள் தங்களைப் போன்ற கடற்பஞ்சு ஆண்களோடே கூட்டுச் சேர்வது தெரிந்தது. ஆக, தீனிப் பழக்கம் நட்பு வழியாகவும் இணைசேர்தலைத் தொடலாம்.

இதையெல்லாம் அப்படியே சின்னமுட்டம் கடலுக்குப் பொருத்துவதும் தவறுதான். அந்த விரிகுடாவிலேயே சில குடும்பங்கள்தான் கடற்பஞ்சை மாட்டிக்கொள்கின்றன.

அப்புறம், ஒரு பருவம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. கல்லூரி புராஜெக்டுகளில் இது சகஜம். சூல்காலமே சுமார் 12 மாதம். குட்டி ஆண்டுக்கணக்கில் பால் குடிக்கும். ஒரு தாயின் அடுத்த பேற்றைக் காணவே பல வருடம் காத்திருக்க வேண்டும்.

கிட்டே வரட்டும் என்று படகிலிருந்து சாளையை வீசாதீர்கள். ஷார்க் விரிகுடாவின் மங்கி மையா கடற்கரையில் மனிதர் கையால் மீன் வாங்கித் தின்ற தாய்களின் குட்டிகள் அதிகம் இறந்தன. பிறகுதான் அங்கே தீனி கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது.