மார்கழிப் பயணம்: வேனுக்குள் படுக்கை, பின்னால் சைக்கிள், கண்மாய்க் கரையில் பறவை

மூன்று மார்கழிகளாக நானும் என் மனைவியும் எங்கள் பழைய வேனில் படுக்கை போட்டு, பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு, மதுரையைச் சுற்றியிருக்கும் கண்மாய்களுக்குப் பறவை பார்க்கப் போய்வருகிறோம். ராத்திரி, வழியில் இருக்கும் நண்பர்களின் களத்திலோ தோப்பிலோ வண்டியை நிறுத்தித் தூங்குவோம். "எப்படிப் போறீங்க, நாங்களும் கிளம்பணும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் போனில் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். வேன் ஓட்ட வரும், சைக்கிளில் பத்துக் கிலோமீட்டர் போய்வர முடியும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

எப்போது கிளம்புவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைய வேண்டும். தண்ணீர் நின்றால்தான் மீனும் நத்தையும் தவளையும் இருக்கும், அவை இருந்தால்தான் கொக்கும் நாரையும் தங்கும். அதனால் மார்கழி, தை இரண்டும்தான் எங்கள் மாதங்கள். மழை ஏய்த்த வருடத்தில் கண்மாய் வெறும் பொட்டலாகக் கிடக்கும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தந்த ஊர் நண்பருக்குப் போன் போட்டு, "கண்மாயில தண்ணி கிடக்கா?" என்று கேட்டுவிடுங்கள். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

பொங்கலை ஒட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று சல்லிக்கட்டு வரிசையாக வரும். அந்தந்த நாளில் அந்தப் பக்கத்துச் சாலைகளை மறந்துவிடுங்கள். தைப்பூசம் வரைக்கும் பழநிப் பாதயாத்திரைக்காரர்கள் ராவும் பகலும் சாலையோரம் நடப்பார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில் நடந்து வருவார்கள், இருட்டில் பக்கத்தில் வரும் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் இரவு எட்டு மணிக்குமேல் வேனை எடுப்பதில்லை, விடிவதற்கு முன்னாலும் எடுப்பதில்லை.

முதல் வேலை: படுக்க இடம்

படுக்கைப் பலகையை வாங்குவதற்கு முன்னால் இதை முடியுங்கள். முதல் வருடம் நாங்கள் செய்யவில்லை. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், ஆலமரத்தடியில், யாரிடமும் சொல்லாமல் வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டோம். ராத்திரி ஒரு மணி இருக்கும். கண்ணாடியில் டார்ச் வெளிச்சம், சுற்றி ஏழெட்டுப் பேர், கையில் கம்பு. அந்தக் கண்மாயில் மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள், மீன் நன்றாக வளர்ந்திருக்கும் நேரம், வந்தவர்கள் குத்தகைக்காரரின் காவலாட்கள். தெரியாத வேன் ராத்திரியில் கரையில் நின்றால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? என் மனைவி பைனாகுலரையும் பறவைப் பட்டியல் நோட்டையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் கம்பு கீழே இறங்கியது. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்மாய் ஊருக்குச் சொந்தம், அங்கே ராத்தங்கப் போகிறவர்கள் ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவதுதான் முறை.

அதிலிருந்து எங்கள் பயணத்தின் வரைபடமே மாறிவிட்டது. எந்தக் கண்மாய்க்குப் போவது என்று முதலில் பார்ப்பதில்லை. எந்த நண்பர் வீட்டுக்குப் போய் வெகுநாளாயிற்று என்று பார்க்கிறோம். பிறகு அவர் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில் எந்தக் கண்மாய் என்று பார்க்கிறோம். கூடப் படித்தவர், பழைய ஆபீஸ்காரர், கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவே முடியாமல் போன தோழி என்று நினைத்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் நாலைந்து ஊராவது தேறும்.

ஆனால் நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. "வீடு இருக்கையில வண்டியிலயா படுப்ப? ஊருல என்னையப் பத்தி என்னப்பா நெனப்பாய்ங்க?" என்று நண்பரின் அம்மா முதல் தடவை கண்ணே கலங்கிவிட்டார். அதற்குப் பிறகு போன் பண்ணும்போதே சொல்லிவிடுகிறோம்: "ராச்சாப்பாடு உங்க வீட்டுல, தூக்கம் எங்க வண்டியில. விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சுப் போகணும், வீட்டுக்குள்ள படுத்தா எல்லாரையும் எழுப்பிவிட்டுருவோம்." இந்தக் காரணத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மனசு நொந்துபோவார்கள். கையில் ஏதாவது வாங்கிப் போங்கள். நாங்கள் முதலில் மல்லிகைப் பூ கொண்டுபோவோம். மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து விலை ஏறிவிடும் என்பதால் இப்போது பழத்துக்கு மாறிவிட்டோம். திருவில்லிபுத்தூர் வழியாக வந்தால் பால்கோவா.

படுக்கை

வண்டியின் உடம்பில் கை வைக்காதீர்கள். சீட்டைக் கழற்றி எறிவது, கூரையை வெட்டி ஜன்னல் வைப்பது எதுவும் வேண்டாம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் வேனில் பின் சீட்டு முன்பக்கம் மடங்கும். அதன் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை மூன்று துண்டாக்கி, நீளக் கீல் போட்டு மடக்கி விரிக்கும்படி ஆசாரி செய்துகொடுத்தார். பின்பக்கத்துக்கு நாலு பிளாஸ்டிக் கிரேட் தாங்கல். துணிமணியும் டூல்ஸும் அந்தக் கிரேட்டுக்குள்ளேயே. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் பழையபடி ஐந்து பேர் போகும் வண்டி.

மெத்தை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: இலவம்பஞ்சுதான். ஃபோம் ஈரத்தைக் குடித்துவிட்டு நாள் முழுக்க நாறும். இலவம்பஞ்சு தண்ணீரை லேசில் உறிஞ்சாது, அரைமணி வெயிலில் போட்டால் உப்பி எழும். போடி பக்கம் போனால் அங்கேயே நல்ல பஞ்சாகப் பார்த்துத் தைத்துக்கொள்ளலாம். மெத்தைக்கு அடியில் ஒரு கோரைப்பாய். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று போக அது வேண்டும்.

அடுப்பு வேண்டாம் என்பது என் கருத்து. கிராமத்தில் விடியக்காலமே டீக்கடை திறந்துவிடும். ஒரு ஃபிளாஸ்க், இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும் போதும். கட்டாயம் சமைப்பேன் என்பவர்கள் வண்டிக்கு வெளியே சமையுங்கள். மூடிய வண்டிக்குள் எரியும் எதுவும் கூடாது, கொசுவத்திச் சுருளும் சேர்த்துத்தான்.

காற்று: எல்லோரும் தவறுகிற இடம்

இரண்டாம் வருடம் கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக மூடிப் படுத்தோம். நாலு மணிக்கு என் நெற்றியில் சொட்டு விழுந்து எழுந்தேன். மழை என்று நினைத்தேன். கூரைத் தகட்டில் கைவைத்தால் ஓடியது தண்ணீர். கண்ணாடியெல்லாம் பால் பூசியதுபோல் இருந்தது, போர்வை நனைந்திருந்தது, தலை கனத்தது. ஒரு ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வேர்வையிலும் விடுகிற ஈரம் ஒரு டம்ளருக்குக் குறையாது. இரண்டு பேர் என்றால் இரண்டு டம்ளர். வெளியே பனியில் தகடு குளிர்ந்திருக்க, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகிறது. கம்பளியைக் கூட்டினாலும் பலகையை மாற்றினாலும் இது தீராது. ஈரக்காற்று வெளியே போயாக வேண்டும்.

செய்ய வேண்டியது இது. எதிரெதிராக இரண்டு ஜன்னலை, உதாரணமாக முன் இடது, பின் வலது, இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. இரண்டிலும் வெளிப்பக்கம் கொசுவலை வேண்டும். வலையை ஜன்னல் சட்டத்தைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தில் பருத்தி நாடா வைத்துத் தைத்து, நாடாவுக்குள் நாலு அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன வட்டக் காந்தம் வைத்துத் தையுங்கள். கதவு இரும்புத் தகடுதானே, டக்கென்று ஒட்டிக்கொள்ளும். முதலில் நான் வெல்க்ரோ ஒட்டினேன். புழுதியும் பனியும் பட்டு மூன்றாம் நாளே பிசின் விட்டுவிட்டது. காந்தம்தான் சரி. காந்தத்தைத் துணிக்குள் வைத்துத் தைக்காமல் நேராக ஒட்டினால் பெயிண்ட் கீறும்.

காற்றே அசையாத ராத்திரிகளும் உண்டு. அதற்கு ஒரு யுஎஸ்பி மின்விசிறியைப் பின் ஜன்னல் ஓரம் வெளியே பார்த்து வையுங்கள். நம் மேல் அடிக்கும்படி வைத்தால் குளிரும், உள்ளே பார்த்து வைத்தால் ஈரம் போகாது. பவர்பேங்கிலேயே ஓடும். நனைந்த துண்டு, சேறு பட்ட செருப்பு எதையும் உள்ளே வைக்காதீர்கள். கண்மாய்க்கு ரொம்பப் பக்கத்தில் நிறுத்துவதைவிட ஊர்க் களத்தில் நிறுத்தினால் பனியும் குறைவு, கொசுவும் குறைவு.

சைக்கிள்

வார் போட்டுப் பின் கதவில் மாட்டும் ஸ்டாண்டு போதும். நம்பர் பிளேட்டையும் சிவப்பு விளக்கையும் சைக்கிள் மறைக்கக் கூடாது. சைக்கிள் தொங்கும்போது பின் கதவு திறக்காது. அதனால் காலையில் வேண்டிய பைனாகுலர், ஸ்வெட்டர், தண்ணீர் எல்லாவற்றையும் முன் சீட்டில் வைத்துவிட்டுப் படுங்கள்.

மெல்லிய டயர் ரேசர் சைக்கிள் வேண்டாம். 1.75 அங்குலத்துக்குக் குறையாத டயர் இருக்கட்டும். காரணம் சீமைக்கருவேலம். கண்மாய்க் கரை முழுக்க அந்த முள் கொட்டிக் கிடக்கும். பஞ்சர் ஒட்டத் தெரிந்திருந்தாலும் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ட்யூபைக் கழற்றி, ஒட்டி, மாட்டி, காற்றடித்து, இருநூறு அடி போனால் மறுபடி இறங்கிவிடும். ஒடிந்த முள் நுனி டயருக்குள்ளேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்பக்கம் முழுக்கப் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே முள். விரலால் தேடினால் விரல் கிழியும். சின்னக் குறடு ஒன்று கையில் வேண்டும்.

மழை பெய்த மறுநாள் கரிசல் மண் பக்கம், திருமங்கலத்துக்குத் தெற்கே, சைக்கிளை இறக்காதீர்கள். மண் சக்கரத்தில் அப்பி உருளவே உருளாது. செம்மண் பக்கம் தாராளமாகப் போகலாம்.

கரையில் நிற்பது

வேன் ஊர் வரைக்கும், சைக்கிள் கரை முனை வரைக்கும், கடைசி நூறு அடி நடை. வேன் சத்தத்துக்குப் பறக்கும் சிறவி வாத்துக் கூட்டம் சைக்கிளைக் கண்டுகொள்வதில்லை. ஆடு மாடு ஓட்டிப்போகிறவர்கள் தினமும் அப்படித்தானே வருகிறார்கள்.

மதுரைப் பக்கத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவது. அதனால் கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்கு ஓரத்தில் இருக்கும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் நம் முதுகில், பறவையின் நிறம் அப்படியே தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், எல்லாம் கறுப்பு நிழல். ஆகவே பறவைக்குக் காலை, நண்பர்களுக்குச் சாயங்காலம் என்று பிரித்துவிட்டோம். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்குங்கள். 10x50 கனம், சைக்கிள் ஓட்டி மூச்சு வாங்கும் கையில் ஆடும்.

எங்கள் மூன்று ராத்திரி வழி

முதல் ராத்திரி மேலூர்ப் பக்கம், மறுநாள் காலை அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகுடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு, இராசாளிப் பருந்து மூன்றும் இந்தப் பாறைகளில் உண்டு. இங்கே மட்டும் விடியலில் அவசரப்படாதீர்கள். பாறை சூடேறிக் காற்று மேலெழும் ஒன்பது மணிக்குப் பிறகுதான் அவை வட்டமடிக்கும். அதற்குள் தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டையும் குடைவரைக் கோயிலையும் பார்த்துவிடலாம். சுற்றியிருக்கும் கண்மாய்கள் சைக்கிளுக்கென்றே அமைந்தவை.

இரண்டாவது ராத்திரி சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம், காலையில் வேட்டங்குடி சரணாலயம். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கருவேல மரங்களில் கூடுகட்டி அடை காக்கும். பறவைகள் மிரளும் என்று பக்கத்து ஊரான கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறையாக அப்படி இருக்கும் ஊரில் போய் ஸ்பீக்கரில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடுவது, கூட்டுக்குக் கீழே நின்று கைதட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

மூன்றாவது ராத்திரி திருவில்லிபுத்தூர். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் உண்டான சரணாலயம், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. காட்டுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, வண்டியில் தங்கவும் முடியாது. நண்பர் வீட்டிலிருந்து செண்பகத்தோப்புச் சாலையில் சைக்கிளில் போய், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கத்து மாந்தோப்புகளில் அண்ணாந்து பாருங்கள். உடம்பைவிட நீளமான வால் கிளையிலிருந்து தொங்கும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு. பஞ்சர் திரவம் ஊற்றலாமா என்றால், ஊற்றலாம், சின்ன ஓட்டைக்கு நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ட்யூபில் ஒட்டுப் போட்டால் பிடிக்காது, மாற்று ட்யூப் ஒன்று கையில் இருக்கட்டும்.

களத்தில் நாய்கள் ராத்திரி முழுக்க வேனைச் சுற்றிக் குரைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சாயங்காலமே நண்பரோடு இறங்கி, அந்த நாய்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள், கையை மோந்து பார்க்க விடுங்கள். எங்கள் மேலூர் நண்பர் வீட்டுக் கறுப்பு நாய் இப்போது வேனுக்கு அடியில்தான் படுக்கிறது. காலையில் நாங்கள் சைக்கிளை எடுத்தால் கலுங்கு (கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) வரைக்கும் கூடவே ஓடிவந்து, அங்கே நின்றுகொள்கிறது.