ஹைம்டெக்ஸ்டில் போகிறீர்களா? முதலில் அறையைப் பிடியுங்கள்

ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் ஸ்டால் போடும் கரூர் ஜவுளிக்காரர்களே, ஸ்டால் உறுதியான அன்றே அறையையும் பிடித்துவிடுங்கள். அந்த வாரத்தில் அங்கே ஹோட்டல் வாடகை தாறுமாறாக ஏறும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். ஜெர்மனி போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கும் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஊருக்குள் கட்டுப்படியாகவில்லையா? மைன்ஸ் நகரில் தங்குங்கள், எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஃபிராங்க்ஃபர்ட் வந்துவிடலாம்.

அப்புறம், கடைசி நாள் இரவு விமானம் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்காட்சி முடிந்த பிறகுதான் ஸ்டாலைப் பிரிக்கவே விடுவார்கள். தொங்கவிட்ட பெட்ஷீட், திரைச்சீலை சாம்பிள்களை இறக்கி, மடித்து, பெட்டியில் கட்டவே இரவாகிவிடும்.