எல்இடி பல்பு எத்தனை வருஷம் வரும்? வாங்கும்போதே கணிக்கும் வழி

டெல்லியின் மின்சாமான் சந்தையான பகீரத் பேலஸ் கடைகளில் 'பச்சீஸ் ஹஸார் கண்டா' (இந்தியில் 25,000 மணி நேரம்) என்று அடித்துச் சொல்வார்கள். அட்டையிலும் அப்படியே இருக்கும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

1. முதலில் மணியை வருஷமாக்குங்கள். தினம் 5 மணி நேரம் எரியும் ஹால் விளக்கு என்றால் 5,000 நாள், அதாவது பதிமூன்றரை வருஷத்துக்கு மேல். இரவு முழுக்க 12 மணி நேரம் எரியும் மாடிப்படி விளக்குக்கு ஆறு வருஷம்கூட வராது.

2. அந்தக் கணக்கு பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்இடி சிப்புக்கானது. வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரைதான் ஆயுள் என்று வைத்திருக்கிறார்கள். சிப்பைச் சில ஆயிரம் மணி நேரம் எரியவிட்டுப் பார்த்து, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் வழக்கம்.

3. வீட்டில் பல்பு போவது பெரும்பாலும் சூட்டால்தான். ஃபியூஸ் போன பழைய பல்பு இருந்தால் ஹோல்டரிலிருந்து கழற்றி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு, மேல் மூடியை நெம்பிப் பாருங்கள். மஞ்சள் சிப்புகளில் ஒன்றின் நடுவில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது கருகிவிட்டது. வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்று போனாலே மொத்தமும் அணைந்துவிடும். சிப்பெல்லாம் நன்றாக இருந்தால் கோளாறு டிரைவரில், அதாவது சிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்டில் இருக்கலாம். அதிலுள்ள உருளைக் கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதம் 45 டிகிரியைத் தொடும் ஊரில், மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பல்பைப் போட்டால் என்ன ஆகும்? அங்கே 12 வாட்டுக்குப் பதில் 7 வாட் போடுங்கள், அல்லது திறந்த ஹோல்டருக்கு மாறுங்கள். என்னைக் கேட்டால், பிராண்டைவிட இதுதான் முக்கியம்.

4. கடையில் ஒரே வாட் பல்புகள் இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். சூட்டை வெளியேற்றும் அலுமினியம் உள்ளே இருந்தால் கொஞ்சம் கனக்கும். துல்லியமான சோதனை இல்லைதான், ஆனால் காசு செலவில்லை. அப்புறம் அட்டையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, வோல்டேஜ் வரம்பு இரண்டையும் பாருங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் பகுதியென்றால் 220-240 போதாது. 100-300 வோல்ட் என்று இருப்பதை எடுங்கள்.

5. கடைசியாக வாரண்டி. 25,000 மணி நேரம் என்று போட்டுவிட்டு ஒரு வருஷ வாரண்டி தந்தால், கம்பெனிக்கே எவ்வளவு நம்பிக்கை என்று புரிந்துவிடும். இரண்டு வருஷமாவது கேளுங்கள், 'பக்கா பில்' (முறையான ரசீது) வாங்குங்கள், பல்பின் கழுத்தில் மார்க்கரால் தேதியைக் குறித்துவிடுங்கள்.