டிகாஷன் நன்றாக இறங்க வேண்டுமா?

காபி சரியில்லை என்றால் எல்லோரும் பொடியைக் குறை சொல்வார்கள். நான் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பேன். சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் எந்தப் பொடியும் எடுபடாது. எங்கள் மாம்பலம் வீட்டில் டிகாஷனுக்குக் கேன் தண்ணீர்தான்.

பொடியைக் கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், மணம் போய்விடும். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். சிக்கரி 20 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் நிறம் கூடும், காபி மணம் குறையும்.

பில்டரின் மேல் பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி பொடி போட்டு, லேசாகத் தட்டிச் சமன் செய்து, அதன் மேல் குடையை, அதாவது காம்பு வைத்த துளைத் தட்டை, வையுங்கள். ரொம்ப அழுத்தினால் டிகாஷன் இறங்கவே இறங்காது. தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி, கொதி அடங்கியதும் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றிலும் விடுங்கள். அரை நிமிஷம் ஊறட்டும். பிறகு மீதியை ஊற்றி மூடுங்கள். 20 நிமிஷத்தில் கெட்டியாக இறங்கியிருக்கும். அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கவே கூடாது, கசந்துவிடும். பால் சூடாக இருந்தால் போதும். அதுவும் அப்போது பொங்கி இறக்கிய பால்.

ரசத்திலும் இந்தக் கவனம் வேண்டும். விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் வாசனை போச்சு.

சித்திரை வெயிலுக்கு நீர்மோர்: புளிக்காத தயிர் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை மிக்ஸியில் அரைக்காமல் கல்லில் நசுக்கிப் போட்டு, உப்பும் பெருங்காயமும் சேர்த்து, கால் மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள்.